தேயாத மெழுகு

ஓசூர் லேப் ஒன்றில், மெழுகில் பதித்த புற்றுக் கட்டிகளை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றுவது எஸ்லினின் வேலை. சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்க்க, நன்றாகப் பிடிக்குமென்று தெரிந்த ஒரு மெழுகுக் கட்டியிலிருந்தும், அவர்கள் சொல்லும் பிளாக்கிலிருந்தும், தினமும் ஒரு சீவல் எடுத்துக் கூடவே வைப்பார்கள். இந்த வருஷம் அதற்கு வாய்த்தது அவள் அம்மா சாராளின் மார்புக் கட்டி.

செல்லின் கருவுக்குள் புகுந்து அதை வளரவைக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் அதில் அடர் பழுப்பாகத் தெரியும்.

"சுவிட்சு மாதிரிங்கறியே பாப்பா, அணைக்க ஆளில்லியா?" என்று சாராள் ஒருமுறை கேட்டாள். வீட்டின் முதல் பட்டதாரியான எஸ்லின் மாத்திரையை எடுத்து நீட்டினாள். மாத்திரைகளும் அணைக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்பே சாராள் போய்விட்டாள்.

பிளாக்கில் மிஞ்சுவதையாவது அம்மாவின் கல்லறையில் புதைக்க வேண்டுமென்று எஸ்லின் கேட்டாள்.

"தீர்ற சமயத்துல மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போ," என்றாள் சீனியர் ரேவதி.

மாதக்கணக்காகச் சீவியும் தீரவில்லை.

"தேயவே இல்லக்கா, பாருங்க."

"நமக்கு லாபந்தானே, விடு."

"உங்கம்மாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

ரேவதி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினாள்.

மதியம் சாப்பிடப் போகாமல், அதை அடியோடு சீவி முடிக்க எஸ்லின் உட்கார்ந்தாள். மெழுகு நாடா நாடாவாக மேசையில் குவிந்து தரையில் வழிந்தது. ரேவதி திரும்பி வந்து சீவும் மெஷினை நிறுத்தியபோதும் பிளாக் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது.

எஸ்லின் அதை, மெழுகு இறுகுவதற்கான ஐஸ் தட்டில் மற்ற பிளாக்குகளோடு வைத்தாள். அதைச் சுற்றி மட்டும் ஐஸ் உருகத் தொடங்கியது.