கண்ணடித்த குற்றம்

“வேன் ஓட்டிக்கிட்டே கண்ணாடியில என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரு மேடம். மூணு நாளா.”

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா இப்படிச் சொன்னதும், பிரின்சிபால் பேனாவை மூடி வைத்தார். ஆயாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

“உங்களைப் பார்த்தா?”

“என்னைத்தான். எழுதியே கொண்டுவந்திருக்கேன்.”

டிரைவரைக் கூப்பிட்டார்கள். பதினாறு வருஷமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டுகிறவர். புகார்க் கடிதத்தைக் கையில் வாங்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

“பாருங்க, இப்பவும்,” என்றார் ஆயா.

“என் முன்னாடியேவா?” என்றார் பிரின்சிபால்.

நாலு நாளாக டிரைவருக்கு எல்லாமே ரெண்டாகத் தெரிந்தது. ரெண்டு ரோடு, ரெண்டு சிக்னல், எதிரே வரும் லாரியை ஒட்டி இன்னொரு லாரி. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். மூடிக்கொண்டே ஓட்டினார்.

சொல்லவும் பயம். போன வருஷம், பார்வை மங்குகிறது என்று தானாக வந்து சொன்ன டிரைவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். இவருக்கு மகள் காலேஜில் இரண்டாம் வருஷம்.

“ஆமா மேடம். தப்புதான்,” என்றார்.

“மூணு மாசம் வேன் பக்கமே போகக் கூடாது. கேட்ல நில்லுங்க. பதினாறு வருஷ சர்வீஸைப் பார்த்து விடறேன்.”

டீச்சர்கள் அறையில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சு.

“போயும் போயும் ஆயாவையா? அந்த ஆளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு.”

ஆயா காதில் விழுந்தது. தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனார்.

விஷயம் டிரைவரின் வீட்டுக்கும் போனது. மனைவி ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்.

“யாரு அந்தப் பொம்பளை?”

“ஆயா.”

மனைவி அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“உண்மையைச் சொல்லுங்க. கண்ணுக்கு என்ன?”

அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் டார்ச்சை இடதும் வலதுமாக நகர்த்தினார். வலது கண் கூடவே வந்தது. இடது கண் வெளிப்பக்கம் போகாமல் நடுவிலேயே நின்றது.

“ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தாத்தான் மூளை ரெண்டு படத்தையும் ஒண்ணாச் சேர்க்கும். உங்களுக்கு ஒண்ணு உள்பக்கம் திரும்பி நிக்குது. கண்ணைத் திருப்பற நரம்பைச் சர்க்கரை கெடுத்திருக்கும்போல. ஸ்கேன் பார்த்துடலாம். சுகர் எவ்வளவு?”

“பார்த்தது இல்ல சார்.”

பார்த்தார்கள். டாக்டர் அந்த எண்ணை மனைவியிடம்தான் காட்டினார். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை.

“சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சா ரெண்டு மூணு மாசத்துல கண்ணு தானா நேராயிடும். ஆகலைன்னா வேற வைத்தியம் இருக்கு. அதுவரைக்கும் ஒரு கண்ணை மறைச்சு வைங்க. வண்டியைத் தொடாதீங்க.”

இடது பக்கத்தை உள்ளே ஒட்டி மறைத்த கறுப்புக் கண்ணாடியோடு டிரைவர் கேட்டில் நின்றார். வெட்கத்தில் முகத்தை மறைக்கிறார் என்று பிரின்சிபால் நினைத்துக்கொண்டார். ஆயாவைக் கண்டால் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூன்று மாசம் முடிவதற்குள் கண் நேரானது. ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார். சாவி திரும்பவும் கைக்கு வந்தது.

முதல் நாள் சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, ஆயா கதவைச் சாத்தினார்.

“இப்ப ரோடு ஒண்ணாத் தெரியுதா தம்பி?”

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

“உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“பின்னாடிதானே உக்காந்திருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டே ஓட்டினது கண்ணாடியில தெரிஞ்சுது. முப்பத்திரண்டு பிள்ளைங்க. எப்படிச் சும்மா இருக்கறது?”

“கண்ணு சரியில்லைன்னே எழுதியிருக்கலாமே. என் மானமாவது மிஞ்சியிருக்கும்.”

“இருபது வருஷமா இந்த ஸ்கூலைப் பார்க்கறேன் தம்பி. இங்க கண்ணு கெட்டாத்தான் வேலை போகும். குணம் கெட்டா மூணு மாசம் கேட்ல நின்னாப் போதும்.”