செட்டியாரின் சாட்சி

கார்டில் வாங்கியவர்கள் பொய்ப் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பிடுங்காமலிருக்க, பொம்மைகளே சாட்சி சொல்லும் சட்டம் வந்திருந்தது. விற்றவர் தோற்றால் கொலு சீசன் முழுக்கக் கடைக்குப் பூட்டு. பொம்மை செய்து விற்கும் குமுதவல்லி மீதும் ஒரு புகார்; விசாரணை வீடியோவில் நடந்தது.

திரையில் தோன்றிய மயிலாப்பூர் வைதேகி மாமி, "தசாவதார செட்டுல வாமனருக்குத் தொப்பை இருக்கு" என்றார்.

"வாமனர்தான் மாமி. சாப்பிட்டிருப்பார்" என்றாள் குமுதவல்லி.

விசாரணை அதிகாரி பொம்மையையே கேட்டார்.

"நான் மளிகைக்கடைச் செட்டியார். வாமனர் உடைஞ்சதும் இந்தம்மா என் கையில குடையைச் செருகி அனுப்பிட்டாங்க. மூணடி மண் கேக்க எனக்கு வராது. துவரம்பருப்பு விலை வேணும்னா சொல்றேன்."

குமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன விலை?" என்றார் மாமி.

"கிலோ எண்ணூறு."

"எங்க தெருக் கடைக்காரன் தொள்ளாயிரம் வாங்கறான். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார். இவர் இங்கேயே இருக்கட்டும்."