பெரியவருக்கு ஒரு பிக்கப்

“சிங்கிள் கேபினா, டபுள் கேபினா, அதை மொதல்ல சொல்லுங்கய்யா. எது தோதுன்னு அப்புறம் நான் சொல்றேன்.”

ஆனந்தராஜ் குழைந்து குழைந்து பேசினான். பின்னே? மாதக் கடைசி நாள், மணி மூன்று. திருக்கோகர்ணத்தில் இருந்த அந்த ஷோரூமில் இந்த மாதம் ஒரு பிக்கப்கூட விற்காத ஒரே ஆள் அவன்தான். “சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது புக் ஆகலைன்னா நாளைக்கு நீ வரவேணாம்” என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வந்தவர் பெயர் மலையாண்டி. ஐம்பது வயதிருக்கும்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தம்பி?”

“சிமெண்டு, நெல்லு மூட்டைன்னு லோடு மட்டும் அடிக்கிறவங்களுக்கு சிங்கிள் கேபின். பின்னாடி தொட்டி நீளமா இருக்கும். குடும்பமும் போகணும், சரக்கும் போகணும்னா டபுள் கேபின். ரோடே இல்லாத எடத்துக்குப் போறவங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ். ஒங்களுக்கு எப்படி?”

“எனக்கில்ல. எங்க ஊர்ப் பெரியவருக்கு.”

“அவரு என்ன பண்றாரு?”

“காவல்தான். ராத்திரியானா கண்மாய், காடுன்னு எல்லையைச் சுத்தி வருவாரு.”

பெரிய தோப்புக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தான் ஆனந்தராஜ். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“அப்ப ஃபோர் வீல்தான். கூட எத்தனை பேரு?”

“ரெண்டு சம்சாரம். எங்க போனாலும் ஆளுக்கொரு பக்கமா ஒக்கார வச்சுக்கிட்டுத்தான் போவாரு.”

“அடேங்கப்பா! சண்டை வராதா?”

“நாங்க கேட்டதில்ல தம்பி. அப்புறம், பின்னாடி எடுபிடிக்கு நாலஞ்சு ஆளு நிக்கணும்.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டு டபுள் கேபின் எடுங்க.”

அந்த நேரம் பார்த்து அரிமளம் பூ வியாபாரி ஏகாம்பரம் உள்ளே வந்தார். போன வாரம் ஆனந்தராஜிடம் விலை விசாரித்துவிட்டுப் போனவர். அவர் வாங்கினாலும் வாங்குவார், இழுத்தடித்தாலும் இழுத்தடிப்பார். கையில் கனிந்து நிற்கிற ஆளை விடுவானேன்?

“ரெங்கராஜ், அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்க” என்று பக்கத்து மேசைக்காரனிடம் அவரைத் தள்ளிவிட்டான்.

மலையாண்டி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். பானெட், சக்கரம், கதவு, கண்ணாடி என்று ஒன்று விடாமல் அளந்து துண்டுச்சீட்டில் குறித்தார். முகப்பு விளக்கைப் படமாகவே வரைந்துகொண்டார்.

“ஷெட்டுக்கு அளவாய்யா?”

“அளவு தப்பிருச்சுன்னா பெரியவரு கோவிச்சுக்குவாருல்ல.”

மனுஷன் வாங்காமல் போகமாட்டார் என்று ஆனந்தராஜ் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே ஏகாம்பரம் அட்வான்ஸ் கட்டிவிட்டு, ரெங்கராஜின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஆனந்தராஜ் அவசரமாகப் புக்கிங் ஃபாரத்தை எடுத்து நீட்டினான்.

“அய்யா, புக் பண்ணிரலாமா?”

“புக்கா? நான் மண்ணு குதிரை செய்யிற ஆளு தம்பி! பெரியவருன்னு சொன்னது எங்க அய்யனார. இந்தத் தடவை குதிரை வேணாம், மண்ணுலயே பிக்கப் செஞ்சு வைக்கிறேன்னு ஒரு பொண்ணு நேர்ந்துக்கிருச்சு. அதுதான் மாடல் பாக்க இந்தக் கடைக்கே அனுப்புச்சு.”

ஆனந்தராஜ் ஃபாரத்தை மேசைமேல் போட்டான். ரெங்கராஜ் எல்லோருக்கும் லட்டு நீட்டிக்கொண்டு வந்தான்.

“வண்டியைச் செஞ்சு வைக்கிற அளவுக்கு அப்படி என்ன வேண்டுதலாம்?” என்று ஆனந்தராஜ் எரிச்சலோடு கேட்டான்.

மலையாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“புருசன் இந்த மாசம் ஒரு வண்டியாவது வித்துரணுமாம். ஆனந்தராஜுன்னு இங்கதான் வேலை பாக்குறாராம். அவரு காதுக்கு மட்டும் போயிராம பாத்துக்கங்க தம்பி.”