பேக்கிங் இன்னும் வரலை

“அண்ணே, கழட்டினது கழட்டினபடியே இருக்கட்டும். தயவுசெஞ்சு திரும்ப மாட்டிடாதீங்க!”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அப்போதுதான் ஆயில் சேம்பரின் கடைசி போல்ட்டையும் கழற்றி, ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, இன்ஜினை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்த அந்த எண்ணெய்த் தட்டை ஒருவழியாகக் கீழே இறக்கியிருந்தார். அடியில் தேங்கியிருந்த கறுப்பு எண்ணெய் பாதி அவர் சட்டையில். அந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு வேண்டுகோள்?

ஊர்ந்து வெளியே வந்தார். அந்தக் காரின் சொந்தக்காரரான ஸ்டியரிங் அம்மாவின் மருமகள் நின்றிருந்தாள்.

“பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வைக்கிற பேக்கிங் தேஞ்சு போயிருக்கு, அதான் எண்ணெய் ஒழுகுது. புதுசு வச்சு மாட்டினா சாயங்காலமே வண்டி ரெடி.”

“ரெடி ஆகக் கூடாதுண்ணே. பேக்கிங் கிடைக்கலை, வர்றதுக்கு ரொம்ப நாளாகும்னு எங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க.”

“அதோ, அலமாரியிலயே இருக்கேம்மா!”

“இருக்கட்டும். இல்லைன்னு சொல்லுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமியார் ஊர் சுற்றுவது மருமகளுக்குப் பிடிக்கவில்லையா? இல்லை, கார் மேல் இவளுக்கே ஒரு கண்ணா? ‘உங்க வீட்டுச் சண்டைக்கு என் சேம்பர்தானா கிடைச்சுது?’ என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், ஸ்டியரிங் அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தத் தெருவில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண் அவர்தான்; பெயரே அதனால் வந்ததுதான். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி அவர் வாய்ச்சொல்லை நம்பி வருபவை. ‘அந்த ஆளுக்கு வேலை தெரியாது’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெக்கானிக் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் கலங்கிய கண் அவரை என்னவோ செய்தது.

மறுநாள் ஸ்டியரிங் அம்மா கணவரோடு வந்து இறங்கினார்.

“என்ன தம்பி, வண்டி ஆச்சா?”

“பேக்கிங் இன்னும் வரலைம்மா.” அலமாரிப் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“ஒரு பேக்கிங் வைக்கத் துப்பில்லாமதான் இவ்வளவு பெரிய போர்டு மாட்டி வச்சிருக்கீங்களா?”

கணவர் குறுக்கே புகுந்தார். “ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போகணும் தம்பி. மலைப் பாதை. வேற யார் ஓட்டினாலும் எனக்கு வயித்தைக் கலக்கும். இவ ஓட்டினா குறட்டை விட்டுக்கிட்டே வருவேன்!” பெருமை பிடிபடவில்லை அவருக்கு. வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்காத மனிதர்.

அடுத்த நாளும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். நாளுக்கு நாள் அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. சனிக்கிழமை காலையில் இரண்டு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “வேலை தெரியலைன்னா ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதானே!” என்று ஒரு போடு போட்டார்.

அதில் ஒரு வாடிக்கையாளர் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மெக்கானிக்கின் பொறுமை அதோடு போயிற்று. யாரோ பெற்ற பெண்ணுக்காக நான் ஏன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தார், புதியதை வைத்தார், சேம்பரைத் தூக்கி மாட்டினார், போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினார். எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். கணவர் சின்னப் பிள்ளை போல ஓடிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்து, “சீக்கிரம் வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மெக்கானிக் சாவியை நீட்டினார். அம்மாவின் கை சாவியை விட்டுவிட்டுப் பக்கத்தில் துழாவியது. கோபத்தில் நடுங்குகிறது போலிருக்கிறது என்று பயந்துபோய், மெக்கானிக் உண்மையைக் கொட்டிவிட்டார்.

“அம்மா, என் மேல தப்பில்லைம்மா. பேக்கிங் முதல் நாளே கையில இருந்துச்சு. உங்க மருமகதான் வந்து, வண்டியைத் தராதீங்க, பொய் சொல்லுங்கன்னு கெஞ்சுச்சு. உங்களுக்குள்ள என்ன மனஸ்தாபமோ, எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க.”

வீடே ரெண்டாகப் போகிறது என்று மெக்கானிக் காத்திருந்தார். அம்மா காரின் பக்கம் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது அதுவரை மெக்கானிக் கேட்டிராத ஒரு சன்னக் குரல்.

“அவளை அனுப்பினதே நான்தான் தம்பி. உங்களைத் திட்டினதெல்லாம் இவருக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான். உங்க முகமே எனக்குப் புகையாத்தான் தெரியுது. அதை இவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை... அந்தச் சேம்பரை மறுபடியும் கழட்டிடுங்க.”