பத்தே நிமிடத்தில்

ஒன்பது பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றுபோய்விட்டது என்று குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து போன் வந்ததும், சுகாதார இயக்குநர் தானே படியிறங்கித் தகவல் பிரிவுக்கு வந்தார்.

அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்தது ஒரே ஒருத்தி. எந்த நாட்டில் என்ன நோய், எந்த மருந்தில் என்ன கோளாறு என்று வரும் அறிக்கைகளைப் படித்துச் சுருக்கி மேலே அனுப்புவது அவள் வேலை. பழைய கோப்புகளுக்கு நடுவிலேயே இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘தூசி அக்கா’.

“எல்லாம் சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரே கம்பெனி சிரப்பு குடிச்ச பிள்ளைங்கம்மா. மூணாம் நாள் இப்படி ஆகுது. வேற எங்கேயாவது நடந்திருக்கா, தேடிப் பாருங்க.”

அவர் போனதும் அவள் நேராக இரும்பு அலமாரியைத் திறந்தாள்.

பத்தே நிமிடத்தில் ஒரு பிரதியோடு அவர் மேசை முன் நின்றாள்.

வேறொரு நாட்டின் எச்சரிக்கை அது. இதே கம்பெனி, இதே சிரப்பு. மருந்தைக் கரைக்கும் திரவத்தில் நச்சு கலந்திருக்கிறது, சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உடனே விற்பனையை நிறுத்தவும்.

இயக்குநர் போனை எடுத்தார். கடைகளிலிருந்து ஒரு பாட்டில் விடாமல் எடுக்கச் சொல்லிப் போனில் கத்தினார். அடுத்து மருத்துவமனையை அழைத்து, ஒன்பது பேருக்கும் என்ன செய்யவேண்டும் என்று பிரதியிலிருந்து படபடவென்று வாசித்தார்.

அந்தப் பக்கம் டாக்டர் குறுக்கிட்டார்.

“இப்ப ஆறு பேர்தான் சார்.”

போனை வைத்தவர் பிரதியைக் கையில் எடுத்தார்.

“தேதியப் பாருங்கம்மா, மார்ச் மாசம். அப்பவே இது நம்ம கைக்குக் கிடைச்சிருந்தா…” பிரதியை மேசையில் போட்டார். “நீங்க என்னடான்னா பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அவள் போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். இன்னும் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள். போன் செய்ய அவர் வேண்டும்.

கீழே வந்தாள். பிரதி எடுக்கும்போது அவள் மறைத்த ஓரம், மூலத்தாளில் அப்படியே இருந்தது.

‘பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.’ மார்ச் மாதத் தேதி. இயக்குநரின் கையெழுத்து.

அதன் கீழே, ‘வைக்கப்பட்டது.’

அவளுடைய கையெழுத்து.