மாமனாரின் இரண்டு லென்ஸ்கள்

மாமனாரிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. இரண்டும், கையால் திருகி ஃபோகஸ் செய்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மாட்டுகிறவை. ஒன்று, அவர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட அசல். மற்றது, அதைப் பார்த்து இந்தக் காலத்துக்காரர்கள் செய்த நகல்.

பித்தளை உடம்பு, கறுப்புப் பூச்சு, எடை, திருகின் புரி வரைக்கும் ஒன்றுதான். முன்பக்கம், கண்ணாடியைச் சுற்றி ஒரு மெல்லிய பெயர் வளையம் உண்டு. அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எது எதுவென்று சொல்ல முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள்.

ஆனால் படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்பது மாமனாரின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிர்வீட்டு ஜன்னலை இரண்டு லென்ஸிலும் படமெடுத்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைப்பார்.

"பாருங்க மாப்பிள்ளை, அசல்ல வெளிச்சம் எப்படி இழையுது! நகல்ல கொஞ்சம் முறைப்பா நிக்குது, கவனிச்சீங்களா?"

மகன்கள் இருவரும் சரியாக அந்த நேரம் பார்த்துக் கை கழுவ எழுந்து போய்விடுவார்கள். மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் மரியாதைக்காக உட்கார்ந்தவர்தான். போகப்போக அவருக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் அந்த அசலை நினைத்தால் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்குவதில்லை.

இந்த நிலையில்தான் மாமனார் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரிய மகனோடு போய் இருப்பது என்று முடிவானது. சாமான்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நாள் குறித்தார்கள். அசல் லென்ஸ் பெரியவனுக்கு, நகல் மாப்பிள்ளைக்கு. மூத்த மகன் குத்துக்கல்லாக இருக்கும்போது மாப்பிள்ளைக்கு அசலைத் தூக்கிக் கொடுத்தால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

"உங்கண்ணனுக்கு லென்ஸுக்கும் டப்பா மூடிக்குமே வித்தியாசம் தெரியாது! அவருக்கு எதுக்கு அசல்?" என்று மனைவியிடம் குமுறினார்.

"விடுங்க. உங்களுக்குத்தான் நகலைத் தர்றாரே அப்பா. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

ரெண்டும் ஒரே மாதிரி! அந்தப் பேச்சில்தான் மாப்பிள்ளைக்குத் திட்டம் பிறந்தது.

பங்கு பிரிக்கும் நாளன்று அவர்தான் முதல் ஆளாக வந்து இறங்கினார். மாமனார் முகம் மலர்ந்து அலமாரிச் சாவியை அவரிடமே கொடுத்தார்.

"நான் குளிச்சுட்டு வந்துடறேன். ரெண்டையும் துடைச்சு அதது டப்பாவுல வைங்க மாப்பிள்ளை. வேற யார் கையில கொடுத்தாலும் எனக்கு மனசு ஆறாது."

மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஆசை வெட்கம் அறியுமா?

மாப்பிள்ளை பல் வைத்தியர். பிடுங்குவது அவருக்குக் கை வந்த கலை. பையில் தயாராகக் கொண்டுவந்திருந்த ரப்பர் மூடியை எடுத்து, பெயர் வளையத்தின்மேல் அழுத்தித் திருகினார். எத்தனையோ வருஷமாக அசையாத வளையம், மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். அது பால் பல் மாதிரி சுலபமாகக் கழன்று வந்தது. தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டு, அசலின் வளையத்தை நகலிலும் நகலின் வளையத்தை அசலிலும் மாட்டினார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் இரண்டும் டப்பாவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டன.

எல்லோரும் கூடியதும் பங்கு ஆரம்பமானது. பெரிய மச்சான் தன் டப்பாவைத் திறந்து, வளையத்தில் இருந்த எண்ணைச் செல்போனில் குறித்து வைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நம்பர் சரியா இருக்குப்பா. ஆமா, இதுல ஆட்டோஃபோகஸ் பட்டன் எங்கே இருக்கு?"

மாப்பிள்ளை சிரிப்பை விழுங்கினார்.

"உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார்.

"எனக்கு எதுக்கு அத்தை அசல்? மாமா ஞாபகமா இந்த நகலே போதும்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார் அவர்.

அப்போதுதான் கவனித்தார். மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு. கண்டுபிடித்துவிட்டாரோ? அதற்குப் பிறகு மாப்பிள்ளையால் அங்கே உட்கார முடியவில்லை. மனைவியைச் சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, டப்பாவோடு காரில் போய் ஏறினார்.

சாவியைத் திருப்பப் போகும்போது ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மாமனார்தான். மாப்பிள்ளை டப்பாவை மடியில் அணைத்தபடி கண்ணாடியை இறக்கினார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெயர் வளையம் இருக்கே..."

"எ... எந்த வளையம் மாமா? நான் ஒண்ணும் பண்ணலையே!"

"உஷ்! மெதுவா. உங்க அத்தை காதுல விழுந்தா வீடு ரெண்டாயிடும்." மாமனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அசல் கையில கிடைச்சா பெரியவன் நாளைக்கே வித்துடுவான். உங்களை மாதிரி அதுமேல உயிரை வெச்சவன் இந்த வீட்டுல யாரு இருக்கா?"

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதனாலதான், காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு வளையத்தையும் நானே மாத்தி மாட்டி வெச்சுட்டேன், அவன்கிட்ட இருக்கறது வெறும் நகல், அசல் இப்ப உங்க மடியிலதான் இருக்கு!"