கடைசி பெஞ்சுல ஒக்காந்தவரு

டேய் அர்ச்சுனா, தூங்கிட்டியா? எனக்குப் பயமா இருக்குடா. நாளைக்கு எங்க ஸ்தனிஸ்லாஸ் சாரு என் தோல உரிக்கப் போறாரு.

நீ ஹிஸ்டரி குரூப்பு, ஒனக்குத் தெரியாது. எங்க பிசிக்ஸ் சாரு போர்டப் பாத்துதான் பாடம் நடத்துவாரு. எங்களுக்கு முதுகு மட்டுந்தான் தெரியும். வாத்தியாருங்களுக்கு யோசனை சொல்ல யுனிவர்சிட்டிலருந்து ஆளு வருதுன்னு பிரின்சிபால் சொன்னதுலருந்து மனுசன் சரியா சாப்பிடல.

திங்கக்கெழம கண்ணாடி போட்ட ஒருத்தரு வந்து கடைசி பெஞ்சுல ஒக்காந்தாரு. சாரு கையில சாக்பீஸ் ஒடைஞ்சிபோச்சு.

"திரும்பி நில்லுங்க தம்பி"ன்னாரு அவரு. சாரு திரும்புனாரு.

"கொஞ்சம் சத்தமா." சாரு கத்துனாரு.

"அப்பிடியே நடந்துகிட்டே சொல்லுங்க."

நடந்தாரு. சத்தியமா, அன்னிக்குதான் நியூட்டன் விதி எங்களுக்குப் புரிஞ்சிது! பசங்க கை தட்டிட்டானுங்க. சாரு கண்ணு கலங்கி, "ஐயா வூடு எங்கங்க? ஞாயித்துக்கெழம வந்து நன்றி சொல்லணும்"னாரு. அவரும் அட்ரஸ் குடுத்துட்டாரு.

அது பாப்பாரப்பட்டில எங்க வூட்டு அட்ரஸ்டா! அவரு யுனிவர்சிட்டி ஆளே இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும், சாருகிட்டதான் சொல்லல. பாலக்கோட்டுல தக்காளி மண்டி வெச்சிருக்கற எங்க மரியசூசை மாமா. எங்க ராஜமேரி அக்காவுக்கு சாரத்தான் மாப்ள பாக்க வந்தாரு.

"மூஞ்சி லட்சணம், திக்குவாய் இல்ல, நொண்டலும் இல்ல"ன்னு வூட்ல சொல்லிட்டாரு.

நாளைக்கு சாரு பழத்தட்டோட வர்றாரு. சம்மதம் சொல்லத்தான் வர்றாருன்னு அம்மா முறுக்கு சுட்டாச்சு. பங்குச் சாமியாரு வேற நிச்சயதார்த்த மோதிரத்த மந்திரிக்க வர்றாருடா.